ஆத்தா கொடுத்த நாற்பது அடுப்பு

அவளோடு இரண்டு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தேன். அதில் முக்கால்வாசி நாள் சண்டை. மீதி நாள் அவள் லீவு.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது கடுதாசி போட்டு, ‘நான் சொன்னதுல பாதியத்தான் எழுதியிருக்கீங்க’ என்று கேட்பாள். ஆபீஸில் நாங்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘மிச்சம்’. யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி, “மிச்சப் பேரு எங்க?”

ஒரு உதாரணம் சொல்கிறேன். வில்லாபுரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை கொடுத்துவந்தார். கைராசிக்காரர் என்று பேர். டீ குடிக்கும்போது அவரைப் பற்றிச் சொன்னேன்.

“அவருகிட்டப் போனவன் எவனும் செத்ததில்லைம்மா.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அவரு வீட்டுல போய்ப் பாரு. குணமானவன் கொண்டாந்து போட்ட வாழைத்தாரு வாசல் வரைக்கும் கெடக்கு.”

“குணமானவன் வாழைத்தாரு கொண்டு வருவான். செத்தவன் வந்து சொல்லுவானாண்ணே? மிச்சப் பேரு எங்க?”

“என் சொந்தச் சித்தப்பனே அங்கதாம்மா குணமானாரு!”

“பச்சிலை திங்காமயே குணமாயிருப்பாரான்னு எப்படித் தெரியும்?”

“என் சித்தப்பா சாகணும்னு சொல்றியா?”

“ஐயோ, நல்லா இருக்கட்டும்ணே. கணக்குல மட்டும் ஒத்தை ஆளா நிக்கிறாரு.”

இப்படிப்பட்டவளோடு எப்படி டீ குடிப்பது? பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஒல்லியான ஆள். கஞ்சி போட்ட காட்டன் சேலை, ரப்பர் செருப்பு, கம்பி ஒன்று வளைந்த கறுப்புக் குடை. மத்தியானம் ஆபீஸ் வாசலில் அவித்த கடலை வாங்குவாள். தின்று முடித்ததும் சொத்தையைத் தனியாக ஒரு காகிதத்தில் வைத்து எண்ணி, கடலைக்காரியிடமே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். “அம்பதுல ஏழு சொத்தை, நேத்து நாலுதான்.” கடலைக்காரி சும்மா விடுகிற ஆளா? “ஏம்மா, நீ கடலை திங்க வந்தியா, ஆடிட்டு எடுக்க வந்தியா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவாள். இவளுக்கு உறைக்காது. மறுநாளும் போய்ச் சொல்லுவாள்.

இவளைப் பெண் பார்க்க வந்த கதையை இவளேதான் சொன்னாள். மாப்பிள்ளை பேங்கில் வேலை. இவள் காபித் தட்டை வைத்துவிட்டு, “இதுக்கு முன்னாடி எத்தனை பொண்ணு பாத்தீங்க? அவங்களை எல்லாம் எதுக்கு வேணாம்னீங்க?” என்று கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டதாம். “தெரிஞ்சாத்தானேண்ணே நான் எதுல தேறுனேன்னு தெரியும்?” என்றாள், கடலையை உரித்துக்கொண்டே. அந்த மாப்பிள்ளை அதற்குப் பிறகு வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வாடகை வீடுதான் எங்கள் ஆபீஸ். பக்கத்தில் பல்கலைக்கழகம் இருந்தது, ஆனால் அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. ரிட்டயரான ஒரு புரொபசர் சொந்தமாக நடத்திய சின்ன ஆராய்ச்சி நிலையம். டெல்லியிலிருந்து ஏதாவது திட்டம் வந்தால் சம்பளம். வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏழு வருஷமாக நான் அப்படித் திட்டத்துக்குத் திட்டம் தாவிக்கொண்டிருந்தேன். ஊர்களிலிருந்து வருகிற வீட்டு அட்டைகளைப் பிரித்து அடுக்கி, கோடு போட்டு எண்ணி, அட்டவணை எழுதுவது என் வேலை. வயது முப்பத்தைந்து. மூன்று பிள்ளைகள். அவளுக்கு இருபத்தேழு இருக்கும், புள்ளியியலில் எம்.எஸ்ஸி. வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுப்பாள்.

அந்த வருஷம் டெல்லிக்காரர்கள் கேட்டிருந்தது ஒரே கேள்வி. புகையில்லா அடுப்பு வைத்தால் பெண்களுக்கு இருமல் குறையுமா? நாற்பது அடுப்புக்குப் பணம் தந்தார்கள். குறைகிறது என்று காட்டினால் மூன்று வருஷத்துக்குப் பெரிய திட்டம். அது வந்தால் என்னை நிரந்தரமாக்குவதாகப் புரொபசர் என் மனைவியிடமே சொல்லிவிட்டார். அவள் அன்றைக்கே எதிர்வீட்டில் சொல்லிவிட்டாள். ஆக அடுப்பு ஜெயித்தாக வேண்டும். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

சோழவந்தானுக்கு மேற்கே, ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலுமாக ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தோம். எப்படிச் செய்வது என்று பேச மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

நான் முதலில் சொன்னேன். “கேக்குறவுகளுக்குக் குடுப்போம் சார். தமுக்கு அடிச்சுச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள நாப்பது பேரு வருவாக. கேக்காத வீட்டுல ஒரு நாப்பதை எடுத்து ஒப்பிட்டுப் பாத்துருவோம்.”

“கேட்டு வாங்குற வீடு எப்படி இருக்கும்ணே?” என்றாள். “கொஞ்சம் வசதியா இருக்கும். ஜன்னல் இருக்கும். இருமுனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஆளு இருக்கும். அங்க இருமல் கொறஞ்சா அது அடுப்பாலயா, ஜன்னலாலயா?”

புரொபசர் நல்ல மனுஷர். மூக்குப்பொடியை இழுத்துவிட்டு, “அப்ப அதே வீட்டுல முன்னாடி ஒரு தடவை, அடுப்பு வச்சு மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்ப்போம். போதாதா?” என்றார்.

“இப்ப மார்கழி சார். மார்கழியில இருமாத ஊரு எது? பங்குனியில போய்ப் பாத்தா அடுப்பு வைக்காத வீட்டுலயும் கொறஞ்சுதான் இருக்கும்.”

“சரி, இந்த ஊருக்கு அடுப்பு, பக்கத்து ஊருக்கு இல்லைன்னு வச்சுக்குவோம்.”

“இங்க தென்னமட்டை எரிக்கிறாங்க. பக்கத்து ஊர்ல வேலிக்கருவை. புகையே வேற சார்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைத் தட்டினேன். “அப்ப என்னதாம்மா செய்யச் சொல்ற? அடுப்பை வைகையில போட்டுட்டு வந்துருவமா?”

“சீட்டுக் குலுக்கிப் போடணும்ணே. ஒரே ஊரு. எண்பது வீடு. யாருக்கு அடுப்புன்னு நம்மளும் தீர்மானிக்கக் கூடாது, அவங்களும் தீர்மானிக்கக் கூடாது. அப்பத்தான் வசதியான வீடு, ஓட்டை வீடு, சண்டைக்கார வீடு எல்லாம் ரெண்டு பக்கமும் கலந்து விழும். ரெண்டு பக்கத்துக்கும் இருக்கிற ஒரே வித்தியாசம் அடுப்புதான்னு ஆயிரும். அப்புறம் இருமல் கொறஞ்சா, அடுப்பாலதான் கொறஞ்சுச்சுன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லலாம்.”

“சீட்டு விழாத நாப்பது வீட்டுக்காரனும் உன்னை ஊருக்குள்ள விடுவானா?”

இதற்குப் பதில் சொன்னது அந்த ஊர்ப் பெரியவர். நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். “துண்டுச்சீட்டை நீங்க குலுக்குனா, வேண்டியவனுக்குக் குடுத்துட்டாகன்னு ஊர் என்னையத்தான் ஏசும். ஆத்தா கோயில்ல வச்சுத் திருவுளச்சீட்டுப் போடுங்க. ஆத்தா எடுத்துக் குடுத்தா எவன் வாயைத் தொறப்பான்?”

கிணறு தோண்ட இடம் பார்ப்பதற்கும், கொடிக்கால் பங்கு பிரிப்பதற்கும் அங்கே அதுதான் வழக்கம். எங்களுக்கும் அதைவிட வசதியான வழி இல்லை. வெள்ளிக்கிழமை காலை கோயிலில் ஊரே கூடிவிட்டது. எண்பது வீட்டுப் பேரையும் சீட்டில் எழுதிச் சுருட்டிப் பித்தளைச் சொம்பில் போட்டோம். எடுக்கிற முதல் நாற்பதுக்கு அடுப்பு. இவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொம்புக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள்.

பெரியவர் அவளிடம் சங்கடமாகக் கேட்டார். “நீங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுகன்னு சொன்னாக. இதெல்லாம் ஒத்துக்கிருவீகளா?”

“எடுக்குறது யாரு கையா இருந்தா என்னங்கய்யா? பாக்காம எடுத்தாச் சரி.”

பூசாரி பார்க்காமல் எடுக்கிற ஆளாகத் தெரியவில்லை. மூன்றாவது சீட்டுக்கே சொம்புக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். “நிறுத்துங்க சாமி” என்றாள். சொம்பைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு சீட்டில் மட்டும் நகத்தால் கீறின அடையாளம். பூசாரியின் மச்சான் வீட்டுச் சீட்டு. ஊரே சிரித்தது. எல்லாச் சீட்டையும் புதிதாக எழுதி, பூசாரியின் கண்ணைத் துண்டால் கட்டி எடுக்கவைத்தாள். மச்சான் வீட்டுக்கு விழவில்லை.

சீட்டு விழுந்த வீட்டுக்காரிகள் குலவை போட்டார்கள். நானும் சந்தோஷமாகக் கைதட்டினேன். அங்கேயே எங்கள் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது என்பது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கும்தான்.

அடுத்த ஒரு மாதம் கொத்தனாரோடு நான் அங்கேயே கிடந்தேன். நாற்பது வீட்டுக்கும் சிமெண்டு மூட்டையும் புகைக்குழாயும் என் தோளில்தான் போயின. ஜீப் போகாத சந்துகள். சட்டையெல்லாம் சிமெண்டு.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். அம்மா கேக் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைகம்மா?” என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான்.

“நாலு, தம்பி. இவதான் கடைசி.”

உள்ளே அடுப்படியிலிருந்து இவள் குரல் வந்தது. “அஞ்சு.”

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். இவள் காபியோடு வந்து, “அஞ்சுண்ணே. எனக்கு மூத்தவன் ஒருத்தன் மூணு வயசுல போயிட்டான்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்கு அறிவிருக்கா? பெத்தவ மனசை இப்படியா குத்துவ? அதுவும் நல்ல நாள்ல?”

“அம்மா ராத்திரி ஜெபத்துல தினமும் அஞ்சு பேரு சொல்லும்ணே. வெளி ஆளு கேட்டாத்தான் நாலு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அம்மா பின்னாலேயே வாசலுக்கு வந்து, மிச்சமிருந்த கேக்கைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார். “அஞ்சுதான் தம்பி” என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் எங்கள் ஆபீஸ் பையன்கள் வாராவாரம் வீடு வீடாகப் போய் இருமல், கண் எரிச்சல் கேட்டு அட்டையில் எழுதினார்கள். பங்குனிக் கடைசியில் நான் எண்ணினேன். அடுப்பு வாங்கிய வீட்டிலும் வாங்காத வீட்டிலும் இருமல் ஒரே அளவு. திரும்ப எண்ணினேன். அதே அளவு. பென்சிலைத் தூக்கி எறிந்தேன்.

புரொபசர் கொத்தனாரைத் திட்டினார். நான் குழாயைத் திட்டினேன். அவள் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ‘அடுப்பு நன்றாக இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி. நாற்பது வீட்டிலும் ‘ஆம்’.

“அடுப்பு நல்லா இருக்கான்னு கேட்டிருக்கோம்ணே. அதுல சமைக்கிறீங்களான்னு கேக்கவே இல்லையே. இம்புட்டு நாளா வாசல்ல நின்னே எழுதிட்டு வந்திருக்கோம். அடுப்பு கட்டி முடிச்சப்புறம் அடுப்படிக்குள்ள ஒருத்தராவது போனமா?”

மறுநாள் காலை இரண்டு பேரும் அந்த ஊருக்குப் போனோம். முதல் வீட்டில் ஒரு அம்மாள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். ஊரில் பெரிய வாய்க்காரி. உள்ளே போய்ப் பார்த்தால் நான் கட்டிக்கொடுத்த அடுப்பு பளபளவென்று இருக்கிறது. மஞ்சள் பூசி மூன்று இடத்தில் குங்குமம். குழாய்க்குக் கதம்பம் சுற்றியிருக்கிறது. அடுப்பு வாய்க்குள் சாம்பல் ஒரு பொட்டு இல்லை. பக்கத்திலேயே பழைய அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. கண்ணைத் திறக்க முடியாத புகை.

“என்னாத்தா இது? இதுல சமைக்கலையா?” என்று கத்தினேன்.

“எதுல?”

“இதுலதான்! அடுப்புல!”

அந்த அம்மாள் என்னைக் கூறுகெட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “ஆத்தா திருவுளம் வச்சுக் குடுத்த அடுப்பு. அதுல போய்க் கருவாடு ஆக்கச் சொல்றீகளா? கண்ணு அவிஞ்சு போகாது? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறோம். பொங்கலுக்குச் சக்கரைப் பொங்கல் வச்சோம். வேற என்ன செய்யணும்?”

“இருமல் போகணும்ல!”

“போகும், போகும். ஆத்தா வீட்டுக்கே வந்துருக்கா, போகாமயா இருக்கும்?” என்று சொல்லிவிட்டு நன்றாக இருமினார்.

நாற்பது வீட்டுக்கும் போனோம். இருபத்து நாலு வீட்டில் இதே கதை. பதினாறு வீட்டில் மட்டும் தினமும் சமைத்தார்கள். ஒரு சின்னப் பெண்ணிடம், “நீங்க மட்டும் எப்படிம்மா இதுல கவுச்சி ஆக்குறீக?” என்று கேட்டேன். “ஆத்தாவுக்கு நாங்க கெடா வெட்டுறோம்லண்ணே, கருவாடா ஆகாது?” என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

விஷயம் தெரிந்ததும் புரொபசருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சமைக்காத இருபத்து நாலு வீட்டையும் எடுத்துருங்க. சமைச்ச பதினாறையும் அடுப்பு இல்லாத நாப்பதையும் ஒப்பிடுங்க.” எண்ணிப் பார்த்தேன். அற்புதமாக வந்தது. பதினாறு வீட்டிலும் இருமல் இருந்த இடம் தெரியவில்லை. எனக்கு வேலை நிரந்தரம்.

அட்டவணையைப் பார்த்து அவள் கேட்டதை நான் எழுத வேண்டியதில்லை.

“சமைக்கவே சமைக்காத வீட்டை எதுக்கும்மா கணக்குல வைக்கணும்?” என்றேன். “மருந்து திங்காதவன் பேரைச் சொல்லி மருந்து வேலை செய்யலைன்னு சொல்லுவியா?”

“பதினாறு வீட்டையும் நினைச்சுப் பாருங்கண்ணே. அதுல எத்தனை வீட்டுல மாமியா இருக்கு?”

நினைத்துப் பார்த்தேன். ஒரு வீட்டிலும் இல்லை. எல்லாம் தனிக்குடித்தனம்.

“மாமியா இருக்கிற வீட்டுல மஞ்சள் பூசி வச்சிருக்கு. ஆத்தா அடுப்பைத் தொடாதன்னு சொல்ல ஆளில்லாத வீட்டுலதான் சமைக்கிறாங்க. அங்க மூணு பேருக்கு, நாலு பேருக்குச் சமையல். அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். மத்த வீட்டுல மருமக பத்துப் பேருக்குப் பொங்கிப் போட்டுட்டு அடுப்படியிலயே கெடக்குறா. பதினாறு வீட்டுல இருமல் கம்மின்னா அது அடுப்பாலயா, மாமியா இல்லாததாலயா? சீட்டு எதுக்குக் குலுக்குனோம்? வீட்டை நம்ம பொறுக்கக் கூடாதுன்னுதானே. இப்ப உக்காந்து பொறுக்குறோம். சீட்டு விழுந்த வீடு விழுந்ததுதான்ணே. அடுப்புல சமைச்சாலும் சரி, சாமி கும்பிட்டாலும் சரி.”

எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் தலைக்கேறியது.

“உனக்கென்னம்மா, எம்.எஸ்ஸி. எங்க போனாலும் வேலை. எனக்கு மூணு பிள்ளை இருக்கு. எதிர்வீடு வரைக்கும் சொல்லியாச்சு. உன் சீட்டையும் ஆத்தாவையும் வச்சு நான் நாக்கு வழிக்கவா?”

“எனக்கும் இதுதான்ணே வேலை” என்றாள். குரல் எழும்பவில்லை. “இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். அட்டை உங்ககிட்ட இருக்கு. எழுதுறது நீங்க.”

டெல்லியிலிருந்து ஆள் வந்த அன்றைக்குப் புரொபசர் அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. வெளி அறையில் உட்காரச் சொல்லிவிட்டார். வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒரு அம்மாள் இருந்தார். அட்டவணையை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“ஒரு பக்கம் பதினாறு, ஒரு பக்கம் நாற்பது. எத்தனை அடுப்பு வச்சீங்க?”

புரொபசர் என்னைப் பார்த்தார். என் மனைவிக்கு அவர் கொடுத்த வாக்கு அந்தப் பார்வையிலேயே இருந்தது. பதினாறு என்று நான் சொன்னால் போதும்.

“நாப்பது” என்றேன்.

நேர்மை என்று யாரும் மாலை போட வேண்டாம். சுத்தமான எரிச்சல். நாற்பது வீட்டுச் சந்துக்குள்ளும் சிமெண்டு சுமந்தது என் தோள். அதில் இருபத்து நாலை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“மீதி இருபத்து நாலு?”

“சாமி கும்பிடுறாக மேடம்.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாவற்றையும் சொன்னேன். சொம்பு, பூசாரி, மஞ்சள், மாமியார், ஒன்று விடாமல். இருபத்து நாலு அட்டையையும் டிராயரிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். புரொபசர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் காபி குடித்தார்கள். கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். பதினைந்து நாளில் கடிதம் வந்தது. பெரிய திட்டம் கிடையாது. மாதக் கடைசியோடு ஆபீஸை மூட வேண்டும்.

அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். கடைசி நாள் அட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வந்து, “அந்த ஊருக்குப் போய்ட்டு வந்துருவமாண்ணே?” என்றாள்.

“எதுக்கு?”

“அவங்ககிட்டக் கேட்டுத்தானே எழுதுனோம்? என்ன வந்துச்சுன்னு சொல்ல வேணாமா?”

திட்டிக்கொண்டே போனேன். வாய்க்கார அம்மாள் வீட்டு வாசலில் பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். இவள் ஒளிக்காமல் சொன்னாள். அடுப்பில் சமைத்தால் இருமல் குறையுமா, குறையாதா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, எங்கள் மேல்தான் தப்பு, முதலிலேயே அடுப்படிக்குள் வந்து கேட்டிருக்க வேண்டும் என்றாள்.

“அப்ப அடுப்பைப் பிடுங்கிட்டுப் போயிருவீகளா?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“இல்லம்மா. உங்களுக்குத்தான்.”

வெற்றிலையை அடுக்குவதை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தார். “ஏந்தாயி, இம்புட்டுப் படிச்சிருக்கீக. சீட்டைக் கோயில்ல வச்சா குலுக்குவீக? ரேசன் கடை வாசல்ல வச்சுக் குலுக்கியிருந்தா மறுநாளே கருவாடு ஆக்கியிருப்போம்ல?”

அத்தனை பேரும் சிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். குடையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ரேஷன் கடைத் தூரத்தில் போயிருந்தது என் வேலை.

திரும்பி வரும்போது சோழவந்தான் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள்.

“மாமியா கணக்கை அட்டையில எங்கயும் எழுதலைண்ணே. பதினாறுதான் பேசுனோம். நாப்பது வீட்டுலயும் யாரு வீட்டுல மாமியா இருக்கு, எத்தனை பேருக்குச் சமையல்னு உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“யாருக்கும்மா எழுதுற? ஆபீஸே இல்ல. நாளைக்கு எனக்கும் வேலை இல்ல, உனக்கும் வேலை இல்ல. யாரு படிக்கப் போறா?”

“தெரியலண்ணே” என்றாள். பேனாவை மூடவில்லை.

பஸ் குலுங்கிக்கொண்டே போனது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பிறகு முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். சந்து முனை வீடு, மாமியார் உண்டு, ஒன்பது பேர். அடுத்த வீடு, மாமியார் இல்லை, நாலு பேர். மூன்றாவது வீட்டில் மாமியாருக்குக் கண் தெரியாது, ஆனால் மஞ்சள் பூசச் சொன்னது அவர்தான். அவள் குனிந்து எழுதிக்கொண்டே வந்தாள். மதுரை பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் வந்து, “எறங்குங்கண்ணே, வண்டி ஷெட்டுக்குப் போகணும், குடும்பக் கதையைக் கீழ போயிப் பேசுங்க” என்று சத்தம் போட்டார். இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது. கீழே இறங்கி, வீட்டுக்குப் போகிற வில்லாபுரம் பஸ்ஸை விட்டுவிட்டு, நின்றுகொண்டே அந்த ஆறையும் சொன்னேன்.